பிரீகாபலின் இன்சுலின் சுரப்பைக் குறைக்குமா? கால்சியம் சேனலின் துணைப் புரதங்கள் பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வி இது: அம்மாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்பதால் மருத்துவர் பிரீகாபலின் எழுதிக்கொடுத்திருக்கிறார். அது கால்சியம் சேனலின் (செல் சவ்வில் கால்சியம் நுழையும் கதவின்) ‘ஆல்பா-2-டெல்டா’ என்ற துணைப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது என்று படித்திருக்கிறீர்கள். கணையத்திலிருந்து இன்சுலின் வெளியே வரவும் கால்சியம் சேனல்தான் வேண்டும். அப்படியானால் நரம்பு வலிக்குக் கொடுத்த மருந்தே சர்க்கரையை ஏற்றிவிடாதா? இரத்த அழுத்தத்துக்காக அவர் எடுக்கும் அம்லோடிபினும் கால்சியம் சேனலை அடைப்பதுதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமான பதில். இந்தக் காரணத்துக்காகப் பயந்து இரண்டு மாத்திரைகளில் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சந்தேகம் வெறும் பயமும் இல்லை. அந்தத் துணைப் புரதத்தை மரபணு மட்டத்திலேயே நீக்கிய எலிகளுக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது. அந்த எலிகளின் நிலை வேறு, உங்கள் அம்மாவின் நிலை வேறு. ஏன் வேறு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

இன்சுலின் சுரக்கும் செல்லுக்குப் பாடநூல்கள் வைத்த பெயர் பீட்டா செல். கால்சியம் சேனலின் துணைப் புரதங்களில் ஒன்றுக்கும் பீட்டா என்றே பெயர். இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே செல்லை ‘இன்சுலின் செல்’ என்றே எழுதுகிறேன்.

இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் அது இன்சுலின் செல்லுக்குள் நுழைந்து எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குகிறது. ஏடிபி கூடக் கூட, செல் சவ்வில் உள்ள ஒருவகைப் பொட்டாசியம் சேனல்கள் மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேறுவது நின்றதும், −70 மில்லிவோல்ட் அளவில் ஓய்ந்திருந்த சவ்வின் மின்னழுத்தம் பூஜ்யத்தை நோக்கி ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உணர்ந்து கால்சியம் சேனல்கள் திறக்கின்றன. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு, உள்ளே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். எனவே கதவு திறந்த கணத்தில் கால்சியம் உள்ளே பாய்கிறது. சவ்வை ஒட்டிக் காத்திருக்கும் இன்சுலின் நுண்பைகள் அந்தக் கால்சியத்தால் சவ்வோடு இணைந்து உடைந்து இன்சுலினைக் கொட்டுகின்றன.

போகிற போக்கில் ஒன்று. அந்தப் பொட்டாசியம் சேனலிலும் துளையாக இருப்பது ஒரு புரதம், அதைச் சுற்றி நின்று கட்டுப்படுத்துவது இன்னொரு புரதம். கிளைமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற பழகிய சர்க்கரை மாத்திரைகள் ஒட்டுவது துளையில் அன்று, பக்கத்தில் நிற்கும் சர்1 என்ற புரதத்தில். ஆகவே துணைப் புரதத்தைத் தொட்டு சேனலை மாற்றும் மருந்து நம் வீடுகளில் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது.

இனி கால்சியம் சேனல். இதன் உறுப்புகளை முதலில் பிரித்துப் பார்த்தது கணையத்தில் இல்லை. முயலின் எலும்புத்தசையில் இந்தச் சேனல் ஏராளமாக இருப்பதால், 1980-களில் அங்கிருந்துதான் சுத்திகரித்து எடுத்தார்கள். எடுத்ததும் ஒரு புரதம் வரவில்லை, ஒரு கூட்டமே வந்தது. துளையாக அமைவது ஆல்பா-1. சவ்வை 24 முறை குறுக்கே கடக்கும் பெரிய புரதம் அது. மின்னழுத்தத்தை உணர்வதும் கால்சியத்தை மட்டும் தேர்ந்தெடுத்து விடுவதும் அதன் வேலை. அதன் உட்பக்கத்தில், செல்லின் திரவத்துக்குள் ஒட்டியிருப்பது பீட்டா. வெளிப்பக்கத்தில் குடைபோல் நிற்பது ஆல்பா-2-டெல்டா. தசையில் காமா என்று நான்காவது ஒன்றும் உண்டு. மனிதருக்கு ஆல்பா-1 பத்து மரபணுக்களிலிருந்து வருகிறது. பீட்டாவுக்கு நான்கு, ஆல்பா-2-டெல்டாவுக்கு நான்கு. எந்தச் செல் எதை எதோடு சேர்க்கிறது என்பதைப் பொறுத்து ஒரே சேனல் வேறு வேறு குணம் காட்டும். பாடநூல் படங்களில் ஆல்பா-1 பெரிதாக நடுவில் இருக்கும். மற்றவை ஓரத்தில் வண்ணப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். எனக்கு அந்தப் படம் பிடிக்காது. எத்தனை சேனல்கள் சவ்வுக்கு வந்து சேர்கின்றன, எந்த மின்னழுத்தத்தில் திறக்கின்றன, எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்ற மூன்றையும் பெருமளவு தீர்மானிப்பவை அந்தப் பொட்டுகள்தாம்.

பீட்டாவை எடுத்துக்கொள்வோம். ஆல்பா-1 நான்கு பகுதிகளால் ஆனது. முதல் பகுதியையும் இரண்டாம் பகுதியையும் இணைக்கும் சங்கிலி செல்லின் உள்ளே தொங்குகிறது. அதில் 18 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டில்தான் பீட்டா பிடித்துக்கொள்கிறது என்று 1994-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அதன் படிக அமைப்பை வெளியிட்டன. பீட்டாவில் உள்ள ஓர் ஆழமான பள்ளத்தில் அந்தத் துண்டு சுருளாக உட்கார்ந்திருக்கிறது. பிடி மிக இறுக்கமானது.

இந்தப் பிடி இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆல்பா-1 செல்லின் எண்டோபிளாச வலையில் தயாராகிறது. பீட்டா வந்து சேராத ஆல்பா-1-ஐ, சரியாக மடியாத சரக்கு என்று செல் அடையாளம் கண்டு, சிதைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. பீட்டா சேர்ந்தால் அது தப்பி மேலே போகிறது. 2023-இல் வெளியான ஓர் அமைப்பு ஆய்வு இந்தக் கட்டுமானத்தின் வரிசையையே காட்டியது. ஆல்பா-1-உம் பீட்டாவும் சேர்ந்த அரைகுறைச் சேனலை இஎம்சி என்ற புரதக் கூட்டு தாங்கிப் பிடிக்கிறது. ஆல்பா-2-டெல்டா வந்தால் இஎம்சி விலக வேண்டும்; இரண்டும் ஒரே நேரத்தில் ஒட்ட முடியாது. அதாவது இஎம்சி ஒப்படைத்து, ஆல்பா-2-டெல்டா ஏற்றுக்கொள்வது போன்ற ஏற்பாடு.

சவ்வுக்கு வந்த பிறகும் பீட்டாவின் வேலை முடிவதில்லை. பீட்டா கூட இருந்தால் சேனல் சுமார் 10 முதல் 15 மில்லிவோல்ட் முன்னதாகவே திறக்கிறது. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் இன்சுலின் செல்லின் மின்துடிப்புகள் நடப்பதே −50 மில்லிவோல்ட்டிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழ் வரையிலான குறுகிய எல்லைக்குள்தான். அங்கே 10 மில்லிவோல்ட் என்பது கால்சியம் வருமா வராதா என்பதையே மாற்றிவிடும். திறந்த சேனல் எவ்வளவு சீக்கிரம் சோர்ந்து அடைபடும் என்பதையும் பீட்டாவின் வகை சொல்கிறது. பெரும்பாலான பீட்டா வகைகள் சேனலை விரைவில் அடைபட வைக்கும். பீட்டா-2ஏ மட்டும் தன் முனையில் இரண்டு கொழுப்பு வால்களைக் கொண்டு சவ்வின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதால் அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. நரம்பு முனை ஒரு மில்லிவிநாடியில் வேலையை முடித்துவிடும். ஹார்மோன் செல் நிமிடக்கணக்கில் சுரக்க வேண்டும். அதற்கு அடைபடாத சேனல் தேவை.

இதுவரை சொன்னதைப் படித்தால், பீட்டாவை எடுத்துவிட்டால் இன்சுலின் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இன்சுலின் செல்லில் பீட்டா-2, பீட்டா-3 இரண்டும் காணப்படுகின்றன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த பெர்-ஒலோஃப் பெர்கிரென் குழு 2004-இல் பீட்டா-3 இல்லாத எலிகளைச் சோதித்தது. குளுக்கோஸ் கொடுத்ததும் அவை சாதாரண எலிகளைவிட அதிகமாக இன்சுலின் சுரந்தன. சர்க்கரையை இன்னும் திறமையாகக் கட்டுப்படுத்தின. இதைவிட வியப்பு, இன்சுலின் செல்லின் கால்சியம் சேனல் மின்னோட்டத்தை அளந்தபோது எந்த மாற்றமும் இல்லை. சேனலின் துணை என்று பெயர் வாங்கிய புரதம் போய்விட்டது, சேனல் அப்படியே இருக்கிறது, இன்சுலின் மட்டும் கூடிவிட்டது.

விளக்கம் செல்லின் உள்ளே இருந்தது. எண்டோபிளாச வலை ஒரு கால்சியக் கிடங்கும்கூட. ஐபி3 என்ற உட்செய்தி மூலக்கூறு வந்தால் கிடங்கு திறந்து கால்சியத்தை விடும். பீட்டா-3 அந்தத் திறப்பைத் தடுத்து வைத்திருந்தது. அது இல்லாதபோது கிடங்கிலிருந்து கால்சியம் எளிதாக வந்தது, கால்சிய அலைகளின் வேகம் கூடியது, சுரப்பும் கூடியது. அதே குழு 2018-இல், சர்க்கரை நோயுள்ள எலிகளின் கணையத் திட்டுகளில் (இன்சுலின் செல்கள் கூட்டமாக இருக்கும் இடங்களில்) பீட்டா-3 அளவுக்கு மீறி இருப்பதையும், கொழுப்பு உணவு கொடுத்த எலிகளில் அதைக் குறைத்தால் நிலைமை மேம்படுவதையும் காட்டியது. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை. ஆனால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2004-இல் வந்ததுதான். ஒரு புரதத்தை அது முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடத்தை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

பீட்டாவின் வழியாகவே சேனலை ஒடுக்கும் சில சின்னப் புரதங்களும் உண்டு: ராட், ரெம், ரெம்-2, ஜெம். ஜப்பானில் சுசுமு செய்னோவின் குழு 2001-இல், ஜெம் பீட்டாவோடு சேர்ந்து சேனல்கள் செல் பரப்புக்கு வருவதைத் தடுக்கிறது என்றும், ஜெம்மை இன்சுலின் செல்லில் கூட்டினால் சுரப்பு குறைகிறது என்றும் காட்டியது. அப்படியானால் ஜெம்மை நீக்கினால் இன்சுலின் பெருக வேண்டுமே? 2012-இல் வெளியான ஆய்வில் ஜெம் இல்லாத எலிகளுக்கு இன்சுலின் சுரப்பு மந்தமாகத்தான் இருந்தது. ஒரு புரதத்தைக் கூட்டிப் பார்ப்பதும் அடியோடு நீக்கிப் பார்ப்பதும் நேர் எதிர் விடைகளைத் தரும் என்று நம்பினால் இப்படித்தான் இடறும். ராட் கதை வேறு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் தசையில் மிகுதியாக இருக்கிறது என்று 1993-இல் கண்டு, சர்க்கரை நோயோடு சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அது புகழ்பெற்றது இதயத்தில். பயத்தில் இதயம் வேகமாகத் துடிக்கும்போது, ராட்டின் மேல் பாஸ்பேட் ஏறி அது பீட்டாவை விட்டு விலகுகிறது. அதனால்தான் கால்சியம் கூடுகிறது என்று 2020-இல் தெரிய வந்தது.

பயம் என்றதும் அட்ரினல் சுரப்பியின் நடுப்பகுதியைச் சொல்லாமல் விட முடியாது. அட்ரினலின் சுரக்கும் குரோமாஃபின் செல்களில் எல் வகைச் சேனல்களோடு என் வகை, பி/க்யூ வகைச் சேனல்களும் உண்டு (இவை எந்த ஆல்பா-1 என்பதைப் பொறுத்துப் பிரியும் கால்சியம் சேனல் வகைகள்). அட்ரினலினோடு ஏடிபியும் ஓபியாய்டுகளும் அதே நுண்பையிலிருந்து வெளியே வருகின்றன. அவை திரும்பி அந்தச் செல்லின் ஏற்பிகளிலேயே ஒட்டி, ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தின் ஒரு துண்டை விடுவிக்கின்றன. அந்தத் துண்டு என் வகை, பி/க்யூ வகைச் சேனல்களை ஒடுக்குகிறது. செல் தன் சுரப்புக்குத் தானே போடும் கடிவாளம் இது. ஆனால் ஆபத்து நேரத்தில் மின்துடிப்புகள் அடுத்தடுத்துப் பலமாக வந்தால் அந்த ஒடுக்கம் கழன்றுவிடும். கழல்வதற்குச் சேனலில் பீட்டா ஒட்டியிருக்க வேண்டும். பீட்டா இல்லாத சேனலில் மின்னழுத்தத்துக்கு ஏற்பக் கழலும் அந்தத் தன்மையே இல்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம்: ஆல்பா-2-டெல்டா. இது ஒரே மரபணுவிலிருந்து ஒரே சங்கிலியாக உருவாகி, பிறகு ஆல்பா-2, டெல்டா என்று இரண்டாக வெட்டப்பட்டு, கந்தகப் பிணைப்பால் மீண்டும் கோக்கப்படுகிறது. பெரிய ஆல்பா-2 முழுக்க வெளிப்பக்கம். டெல்டா அதைச் சவ்வோடு கட்டிவைக்கிறது. இதன் முக்கிய வேலை, சேனல்கள் செல் பரப்புக்கு வரவும் வந்தவை அங்கே நிலைத்திருக்கவும் உதவுவது. சேனல்கள் பரப்பிலேயே நிரந்தரமாக நிற்பவை அல்ல. உள்ளே இழுக்கப்பட்டு, மறுபடி அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

கணையத் திட்டுகளில் மேலோங்கி இருப்பது ஆல்பா-2-டெல்டா-1. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் ஆய்வாளர்கள் 2017-இல் இதை நீக்கிய எலிகளைப் பற்றி எழுதினார்கள். இன்சுலின் செல்லில் இந்தத் துணையோடு இயங்கும் எல்லாக் கால்சியம் சேனல் வகைகளிலும் மின்னோட்டம் குறைந்தது. ஆணிலும் பெண்ணிலும் சமமாகக் குறைந்தது. குளுக்கோஸுக்கு எழும் கால்சிய அலையின் உயரமும் போக்கும் மாறின. இன்சுலின் சுரப்பு இரண்டு பாலிலும் இறங்கியது. ஆனால் நோயின் கடுமை ஒன்றாக இல்லை. ஆண் எலிகளில் இன்சுலின் செல்களின் மொத்த எடையே குறைந்து நோய் முற்றியது. பெண் எலிகளில் பெரும்பாலானவை உணவில்லாத நேரத்திலும் சுரக்கும் அடிப்படை இன்சுலின் கூடுதலாக இருந்ததால் ஓரளவு தப்பித்தன. இன்சுலினுக்கு உடல் காட்டும் உணர்திறன் கெடவில்லை என்பதையும் கவனியுங்கள். கோளாறு முழுக்கச் சுரக்கும் இடத்தில்தான்.

பிரீகாபலினும் அதே வகை மருந்தான காபாபென்டினும் இதே புரதத்தில் ஒட்டுகின்றன. காபா என்ற நரம்புச் செய்திப் பொருளின் சாயலில் வடிவமைத்த காபாபென்டின், காபா ஏற்பிகளில் எதையும் செய்யவில்லை. அது ஒட்டும் இடம் ஆல்பா-2-டெல்டா என்பது 1996-இல் பன்றி மூளையில் தேடியபோது தெரிந்தது. ஆல்பா-2-டெல்டா-1-இல் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி மருந்து ஒட்டாதபடி செய்த எலிகளுக்குப் பிரீகாபலினால் வலி குறையவில்லை என்று 2006-இல் காட்டியதும், இதுதான் இலக்கு என்பதில் சந்தேகம் தீர்ந்தது.

அப்படியிருந்தும் மருந்து ஏன் அந்த எலியின் நிலையை உண்டாக்குவதில்லை?

முதல் காரணம், ஒட்டுவது வேறு, நீக்குவது வேறு. இந்த மருந்துகள் துளையை அடைப்பதில்லை. பரிசோதனைத் தட்டில் காபாபென்டினை ஊற்றிய உடனே கால்சியம் மின்னோட்டம் பெரிதாக மாறாது. பல மணி நேரம் வைத்திருந்தால்தான் பரப்பில் உள்ள சேனல்களின் எண்ணிக்கை மெல்லக் குறைகிறது. உள்ளே போன ஆல்பா-2-டெல்டா மறுபடி மேலே அனுப்பப்படுவதை மருந்து தடுக்கிறது. லண்டனில் ஆனெட் டால்பின் குழுவின் ஆய்வுகள் இதை விளக்கின. கரு உருவான நாளிலிருந்து புரதமே இல்லாத எலியின் செல்லை, புரதம் இருந்து அதன் சுழற்சி சற்று மந்தப்பட்ட செல்லோடு ஒப்பிட முடியாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நரம்பு காயப்படும்போது, முதுகுத்தண்டை ஒட்டிய உணர்வு நரம்பு செல்கள் ஆல்பா-2-டெல்டா-1-ஐ வழக்கத்தைவிட வெகு அதிகமாக உற்பத்தி செய்து முதுகுத்தண்டுக்குள் அனுப்புகின்றன. வலிச் செய்தி பெருகுவதில் அந்த மிகைக்குப் பங்குண்டு. மருந்து குறைப்பது அங்கே ஏறிய மிகையை. இன்சுலின் செல்லில் அப்படி ஒரு மிகை இல்லை. மனித இன்சுலின் செல்லில் எல் வகை, பி/க்யூ வகைச் சேனல்களோடு டி வகையும் இருக்கிறது. டி வகை இயங்க இந்தத் துணைப் புரதங்கள் கட்டாயம் இல்லை.

மருந்துக் குறிப்பேடுகள் என்ன சொல்கின்றன? காபாபென்டினின் ஐரோப்பியக் குறிப்பேட்டில் சர்க்கரை கூடுவதும் குறைவதும் இரண்டுமே, பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளிடம், எப்போதாவது காணப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. சேனல் மந்தப்பட்டு இன்சுலின் குறைவதுதான் வழி என்றால் ஒரு திசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பிரீகாபலின் குறிப்பேடு எச்சரிப்பது உடல் எடையைப் பற்றி: எடை கூடும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அம்லோடிபின் கதை இன்னும் எளிது, ஒருவகையில் இன்னும் நேரடியானது. அது ஒட்டுவது துணைப் புரதத்தில் அன்று, எல் வகை ஆல்பா-1-இலேயே. ஆய்வகத்தில் பிரித்தெடுத்த கணையத் திட்டுகளில் இந்தக் குடும்பத்து மருந்தைப் போதிய அளவு கொடுத்தால் இன்சுலின் சுரப்பு இறங்கிவிடும். கால்சியம் சேனல் மருந்துகளை மிக அதிகமாக விழுங்கி மருத்துவமனைக்கு வருபவர்களின் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பது மருத்துவர்கள் தேடும் அடையாளங்களில் ஒன்று. அவர்களுக்குக் கொடுக்கும் சிகிச்சைகளில் உயர் அளவு இன்சுலினும் உண்டு. ஆனால் வழக்கமான அளவில் அப்படி நடப்பதில்லை. இந்த மருந்துகள் திறந்து சோர்ந்து அடைபட்ட நிலையில் உள்ள சேனலைத்தான் விரும்பிப் பிடிக்கின்றன. இரத்தக் குழாயின் தசைச் செல்கள் எப்போதும் ஓரளவு ஏறிய மின்னழுத்தத்திலேயே இருப்பதால் அங்கே அத்தகைய சேனல்கள் அதிகம். −70 மில்லிவோல்ட்டில் ஓய்வெடுக்கும் இன்சுலின் செல்லில் குறைவு.

காமாவைப் பற்றி ஒரு வரி. ஹார்மோன் செல்களில் அதற்கு வேலையில்லை என்றுதான் பல காலம் நினைத்தார்கள். இன்சுலின் செல் தன் அடையாளத்தைக் காப்பாற்றிக்கொள்ள காமா-4 தேவை என்று 2019-இல் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு அது நேரடியாகத் தேவைப்படாததால் இதோடு விடுகிறேன்.

அம்மாவுக்குச் செய்ய வேண்டியவை வேறு. பிரீகாபலின் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை எடை பாருங்கள். கால் வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரீகாபலின், அம்லோடிபின் இரண்டுமே தனித்தனியாகக் கால் வீக்கம் தரக்கூடியவை, இரண்டும் சேரும்போது காரணத்தைப் பிரித்தறிவது சிரமம். பிரீகாபலின் பெரும்பாலும் மாறாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் சிறுநீரகம் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், கிரியாட்டினின் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் அளவு தீர்மானிக்கப்பட்டதா என்று கேளுங்கள். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் இருந்தால் இரவில் எழுந்து நடக்கும்போது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஏறியிருந்தால் முதலில் எடையையும் உணவையும் மற்ற மருந்துகளையும் பாருங்கள். குறிப்பாக மூட்டுக்கு ஸ்டீராய்டு ஊசி ஏதும் போட்டார்களா என்று விசாரியுங்கள்.